மொட்டைத் தலையும் என் புகாரும்

திருப்பதியில் ஒரு மொட்டைத் தலையைப் பார்த்து அதிர்ச்சி அடைந்த ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்க முடியும். அதிர்ந்ததோடு நிற்காமல், அதைப் பற்றி ஒரு மாஜிஸ்ட்ரேட்டிடம் புகாரும் கொடுத்தேன். நான் சித்தூர்க்காரன். பஸ்ஸில், ரயிலில், டீக்கடையில் என்று எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு மொட்டையைப் பார்த்தே வளர்ந்தவன். எங்கள் பக்கத்தில் திருப்பதிக்குப் போன ஒருவர் முடியோடு திரும்பி வந்தால்தான், "ஏன், போன காரியம் ஆகலியா?" என்று கேட்பார்கள். போதாக்குறைக்கு என் தலையும், எந்தச் சாமியிடமும் எதையும் வேண்டிக்கொள்ளாமல், நாற்பது வயதுக்குள் தானாகவே காலியான தலை. இவ்வளவு தகுதி இருந்தும் அன்றைக்கு எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. காரணம், அதற்கு முந்தின வாரம் நான் கொஞ்சம் படித்திருந்தேன்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் குற்றத்தில் மாட்டிக்கொண்டால் அவர்களைப் பெரியவர்களுடைய கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அவர்களுக்கென்று தனியாக ஒரு குழுமம் உண்டு. ஒரு மாஜிஸ்ட்ரேட், அவரோடு பொதுமக்களிலிருந்து இரண்டு பேர். அச்சில் அதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. வாயில் எல்லோருக்கும் அது போர்டுதான். வழக்கு முடியும்வரை வீட்டுக்கு அனுப்ப முடியாத பையன்களை வைத்திருக்கும் இடம் ஹோம். நான் ஒரு டுடோரியலில் பாடம் நடத்திக்கொண்டு, பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதிக்கொண்டு, பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு காலம் தள்ளியவன். இதில் எது தகுதி என்று கருதினார்களோ, என்னைத் திருப்பதி போர்டில் உறுப்பினராகப் போட்டுவிட்டார்கள்.

உத்தரவை என் மனைவி ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள். "நம்ம வீட்டுல ஒருத்தன் ஈரத் துண்ட கட்டில் மேல போடறத உங்களால நிறுத்த முடியல. ஊரான் வூட்டு பசங்கள திருத்தப் போறீங்க. சரி, கவர்மென்டே நம்புது, நான் யாரு" என்றாள். அந்த ஒருத்தன் எங்கள் மகன் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனதும் சேவையை மேம்படுத்துவது என்று இறங்கினேன். அறை கோர்ட்டு மாதிரி இருக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு இணக்கமாக இருக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது. நான் போய், கரடி படம் போட்ட குட்டி பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கி வந்து போட்டேன். சுவரில் யானையும் முயலும் வரையச் சொன்னேன். வருகிற பையன்கள் எல்லாம் பதினாறு, பதினேழு வயது. மீசை அரும்பியவர்கள், என்னைவிட ஒரு சாண் உயரம். அவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். திருட்டு வழக்கில் வந்த ஒருவன் முயலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இங்க பால்வாடியும் நடக்குதா சார்?" என்று கேட்டான். மாஜிஸ்ட்ரேட் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், தெலுங்குக்காரப் பெண்மணி. அவர் குனிந்து பேப்பரைப் புரட்ட ஆரம்பித்தார். வெகுநேரம் புரட்டினார்.

இதில் எனக்கு ஒரே ஒரு கெத்து, தமிழ். போர்டில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பத்துப் பையன் யாராவது வந்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வரக்கூடாதுதான், ஆனால் வரும். மற்ற நாட்களில் மூன்றாவது நாற்காலியாக இருப்பவன், அன்றைக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளன்.

அப்படித்தான் இந்தப் பையன் வந்தான். பிச்சாட்டூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கூலி வேலை செய்து, இப்போது கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிற குடும்பம். கூட்டாளிகள் இரண்டு பேரோடு சேர்ந்து பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த யாருடைய மோட்டார் சைக்கிளையோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வழியில் பெட்ரோல் தீர்ந்தது. கூட்டாளிகள் ஓடிவிட்டார்கள். இவனுக்கு வண்டியை நடுரோட்டில் போட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை. எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடலாம் என்று தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். போலீஸ் எதிரில் வந்தது. ஓடியவர்கள் வீட்டில் தூங்கினார்கள்; தள்ளிக்கொண்டு வந்தவன் ஹோமுக்கு வந்தான்.

இப்படிப்பட்ட வழக்கில் அப்பனோ அம்மாவோ வந்து நின்றால் பையனை அவர்கள் பொறுப்பில் அனுப்பிவிடலாம். ஆனால் இரண்டு வாய்தாவுக்கும் யாரும் வரவில்லை. "நைனா வருவாரு சார்" என்று ஒவ்வொரு முறையும் பையன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். 'பெற்றோர் ஆஜராகவில்லை' என்று எழுதிக்கொண்டு நாங்கள் அடுத்த வழக்கை எடுத்தோம். பொறுப்பற்ற பெற்றோர் என்று ஒரு கட்டுரைக்கு மனசுக்குள் தலைப்புக்கூட வைத்துவிட்டேன்.

மூன்றாவது வாய்தா ஒரு வியாழக்கிழமை. அது தவறினால் பையனுக்கு ஒரு வருஷம் போய்விடும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்புக்கு அவன் பெயர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நேரில் போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெயருக்கு சீட் போய்விடும். ஹோமின் சூப்பரின்டெண்ட் போன வாய்தாவிலேயே இதைச் சொல்லியிருந்தார். மாஜிஸ்ட்ரேட்டும், "அப்பா வந்தால் அன்றைக்கே அனுப்பிவிடலாம்" என்று சொல்லியிருந்தார்.

அந்த வியாழனுக்கு முந்தின வாரம்தான் உறுப்பினர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தடியான ஒரு கையேடு கொடுத்தார்கள். மற்றவர்கள் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்கள். நான் படித்துத் தொலைத்தேன். வியாழக்கிழமை காலை, பாகாலாவில் ரயில் வழக்கம்போல் நின்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஹோம்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாத தண்டனைகள் என்ற அதிகாரத்தை முடித்தேன். அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, மொட்டை அடிக்கக் கூடாது. மொட்டை என்ற சொல்லின் கீழே கோடு வேறு போட்டேன். ஜன்னலுக்கு வெளியே, பிளாட்பார பெஞ்சில், மலையிலிருந்து திரும்பும் நாலு மொட்டைகள் குடும்பத்தோடு இட்லி தின்றுகொண்டிருந்தன. எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

போர்டு அறைக்கு வெளியே வராந்தாவில் பையன் நின்றிருந்தான். தலையில் ஒரு கிரிக்கெட் தொப்பி, காது மறைகிறவரை இழுத்துவிட்டிருந்தது. போன முறை பார்த்தபோது இரண்டு பக்கமும் ஒட்ட வெட்டி, நடுவில் மட்டும் கோழிக்கொண்டை மாதிரி முடி வைத்திருந்தவன்.

"தொப்பிய எடுப்பா" என்றேன்.

"வேணாம் சார்."

"எடு, பரவால்ல."

எடுத்தான். பளபளவென்று இருந்தது. கையேட்டில் கோடு போட்ட இடம் கண் முன்னால் வந்து நின்றது.

"யாருப்பா மொட்ட அடிச்சது?"

"பார்பர் சார்."

"அது தெரியும். யாரு அடிக்கச் சொன்னது?"

பையன் கொஞ்சம் தள்ளி நின்றிருந்த சூப்பரின்டெண்ட்டைப் பார்த்தான். அவர் உடனே வராந்தா ஃபேனைப் பார்த்தார். ஃபேன் ஓடவில்லை.

"பயப்படாத, சொல்லு. நான் இருக்கேன்" என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். வுட்ருங்க சார்."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பையன் வாய் திறக்கப் பயப்படுகிறான். அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தொப்பி போட்டு மறைத்திருக்கிறார்கள். கையேட்டில் சொன்ன அறிகுறிகள் எல்லாம் வரிசையாக வந்து எனக்கு வணக்கம் சொல்லின.

போர்டு கூடியதும் நான் எழுந்து நின்றேன். இன்னொரு உறுப்பினர் அன்றைக்கு வரவில்லை. ஆகவே கேட்டுக்கொண்டிருந்தது மாஜிஸ்ட்ரேட் ஒருவர்தான். ஆனால் நான் ஒரு மைதானத்துக்குப் பேசுவதுபோல் பேசினேன். தெலுங்கில் ஆரம்பித்து, கோபம் ஏறியதும் இங்கிலீஷுக்குப் போய், அங்கே சொல் கிடைக்காமல் திரும்பி வந்தேன். முடி என்பது மனிதனின் கௌரவம் என்றேன். என் தலையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். என் புகாரைப் பதிவு செய்யுங்கள் என்று முடித்தேன். டைப்பிஸ்ட் பதிவு செய்தார்.

மாஜிஸ்ட்ரேட் சூப்பரின்டெண்ட்டைக் கேட்டார், "இது எப்படி நடந்தது?"

"தரவாத்த செப்தானு மேடம்" என்றார் அவர். அப்புறம் சொல்கிறேன் என்று அர்த்தம். இன்னும் ஒரு வருஷத்தில் ரிடையர் ஆக இருந்தவர். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடி வைத்தார். பிறகு என்னைப் பார்த்து அமைதியாகச் சொன்னார். "சார், ஹோம் மீது புகார் என்றால் தனி விசாரணை வைக்க வேண்டும். பையன்தான் முக்கிய சாட்சி. அவன் வாக்குமூலம் எடுக்கிறவரை வேறு ஊர் ஹோமில்தான் வைக்க வேண்டியிருக்கும். அப்பாவும் இன்னும் வரவில்லை. இன்றைக்கு அனுப்ப முடியாது."

நான் இதைப் பையனுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு நல்ல செய்தி சொல்கிற தோரணையில் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் கரடி நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"நாளைக்கு ஐ.டி.ஐ. சார்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். உள்ளே எதுவோ தப்பான இடத்தில் திருகு ஏறிவிட்டது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. பிள்ளைகளைக் காப்பாற்ற வந்தவன் ஒரு பிள்ளையின் சீட்டைத் தட்டிவிட்டு நிற்கிறேன். பதிவான புகாரை எப்படித் திரும்ப வாங்குவது என்று அந்தக் கையேட்டில் இல்லை.

அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு தலை உள்ளே வந்தது. முழு மொட்டை, நெற்றி முதல் பிடரிவரை சந்தனம். தலைக்குப் பின்னால் வேட்டி சட்டையோடு ஆள் வந்தார். கையில் லட்டுப் பை.

"நைனா" என்றான் பையன்.

வந்தவர் யாரைக் கும்பிடுவது என்று ஒரு நொடி தடுமாறி, சூப்பரின்டெண்ட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து அவர் பக்கமே போனார். "மன்னிச்சுக்கோ சார். நீங்க இவன இட்டுக்கினு கீழ எறங்கின அப்புறம் நான் தரிசனத்துக்கு நின்னேனா, ராத்திரி ஆயிடுச்சு. காலைல லட்டு வாங்கிக்கினு வரலாம்னு பாத்தா அங்க ஒரு க்யூ. எல்லா சாருக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுக்கணும்ல."

சூப்பரின்டெண்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கே போயிருந்தீர்கள்?" என்றார் மாஜிஸ்ட்ரேட். நான் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே எனக்குப் பிடிக்காதது அதுதான்.

"மலைக்கும்மா. நேத்து. இவன் முடியும் என் முடியும் குடுத்தோம். இந்த சார் தங்கமானவரு, கூடவே வந்தாரு. இவருதான் பக்கத்து வூட்டு போனுக்கு அடிச்சு, மொத நாளே வந்துரு, திருப்பதிக்கு வா, சித்தூருக்குப் போய்க்கினு இருக்காதன்னு சொன்னாரு."

"சித்தூருக்கு ஏன் போனீங்க?" என்றேன்.

"எதுனா கோர்ட்டு, கலெக்டராபீஸுன்னா எங்க பாட்டன் காலத்துலேந்து சித்தூருதானே சாமி. மாவட்டத்த பிரிச்சி எங்கள திருப்பதில சேத்துட்டாங்கன்னா, அத யாரு வந்து எங்ககிட்ட சொன்னாங்க? ரெண்டு வாட்டியும் காலைல போய் சாயந்தரம் வரைக்கும் அங்க கோர்ட்டு வாசல்ல உக்காந்துக்கினு இருந்தேன். எம் புள்ள பேர கூப்புடவேல்ல."

நாங்கள் 'ஆஜராகவில்லை' என்று எழுதிய இரண்டு நாளும் அந்த மனுஷன் கங்காதர நெல்லூர் வழியாகச் சித்தூருக்கு பஸ் ஏறியிருக்கிறார். சித்தூர்க்காரனான நான் பாகாலா வழியாகத் திருப்பதிக்கு ரயில் ஏறியிருக்கிறேன். பொறுப்பற்ற பெற்றோர் என்ற என் தலைப்பு, அவர் எங்கள் ஊரில் பட்டினியோடு உட்கார்ந்திருந்தபோது வைத்த தலைப்பு.

மாஜிஸ்ட்ரேட்டுக்கு ஒரு சந்தேகம். "வேண்டுதல் என்றால் காரியம் முடிந்த பிறகுதானே முடி கொடுப்பார்கள்?"

"அப்படித்தாம்மா வழக்கம். ரெண்டு வாட்டி தப்பிப் போச்சே, மூணாவது வாட்டியும் தப்பிடக் கூடாதுன்னு முன்னாடியே குடுத்துட்டேன். வாங்கிக்கினு சாமி ஏமாத்துமா? நாமதான் ஏமாத்துவோம்."

இப்படிச் சொல்லிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். யானை, முயல், கரடி நாற்காலிகள் எல்லாவற்றையும் தாண்டி அவர் பார்வை என் தலையில் வந்து நின்றது. ஒரே க்யூவில் நின்றவரைப் பார்க்கிற மாதிரி ஒரு சிநேகச் சிரிப்பு சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

எல்லாம் புரிந்துவிட்டது. பையன் பயந்து வாயை மூடவில்லை. போர்டு அனுமதி இல்லாமல் ஒரு பையனை ஹோமுக்கு வெளியே அழைத்துப்போனது தெரிந்தால் சூப்பரின்டெண்ட்டுக்கு வம்பு வரும் என்றுதான் மூடியிருக்கிறான். அவரும் சந்தனத்தைக் கழுவச் சொல்லி, தொப்பியும் வாங்கிக் கொடுத்து, மொட்டையை மறைத்துவிட்டதாக நினைத்திருக்கிறார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்றிய ரகசியத்தை நான் உரிமை என்ற பெயரில் உடைத்து மேஜைமேல் கொட்டிவிட்டேன்.

"உங்கள் புகார் இன்னும் இருக்கிறதா சார்?" என்று கேட்டார் மாஜிஸ்ட்ரேட். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் எங்கோ பக்கத்து அறையில் அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

"மொட்டை என்ற வரைக்கும் சரி மேடம். மற்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

பையனை அப்பாவின் பொறுப்பில் அன்றைக்கே அனுப்பினார்கள். மாதம் ஒரு முறை நன்னடத்தை அலுவலரிடம் வந்து முகம் காட்ட வேண்டும், படிப்பை விடக் கூடாது என்று உத்தரவு. அப்பாவுக்கு உத்தரவில் அக்கறை இல்லை. லட்டை எப்போது கொடுக்கலாம் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். "போர்டு முடியட்டும்" என்றார் மாஜிஸ்ட்ரேட். முடிந்ததும், மேஜையிலிருந்து எழுந்து வராந்தாவுக்கு வந்து, கை நீட்டி ஒரு துண்டு மட்டும் வாங்கிக்கொண்டார்.

சூப்பரின்டெண்ட் தப்பவில்லை. அனுமதி இல்லாமல் அழைத்துப்போனதற்கு ஒரு மெமோ வந்தது. என்னால் வந்த வினை. அவரிடம் போய், விளக்கக் கடிதத்தை நல்ல இங்கிலீஷில் நானே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் பேசுகிற தமிழில் பாதி தெலுங்கு இருக்கும். "வேணாம் சார், நீங்க ஒரு தடவ எழுதினதே சாலு" என்றார். சாலு என்றால் போதும். அவரே எழுதினார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். ஆனால் அதை வைத்து மாஜிஸ்ட்ரேட் ஒரு ஏற்பாடு செய்தார். வேண்டுதல், கல்யாணம், சாவு என்று வீட்டார் வந்து கேட்டால், பையனைச் சில மணி நேரம் துணையோடு வெளியே அனுப்பலாம். ஹோமிலிருந்து போனில் சொன்னால் அன்றைக்கே அனுமதி கிடைக்கும். இனி யாரும் தொப்பி வாங்க வேண்டியதில்லை.

என் பங்கும் ஒன்று உண்டு. எல்லைக் கிராமங்களுக்குப் போகிற நோட்டீஸின் தலையில் தமிழில் இரண்டு வரி சேர்க்க அனுமதி வாங்கினேன். 'திருப்பதிக்கு வரவும். சித்தூருக்குப் போக வேண்டாம்.' இத்தனை வருஷமாகக் கட்டுரை, கதை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். படித்தவர் ஒருவராவது அதன்படி நடந்தார் என்று இந்த இரண்டு வரிக்கு மட்டும்தான் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. கரடி நாற்காலிகளை ஒரு பால்வாடிக்குக் கொடுத்துவிட்டோம். முயல் மட்டும் சுவரில் இன்னும் இருக்கிறது, வெள்ளையடிக்கிறவரை இருக்கும்.

சில மாதம் கழித்து, போர்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் நின்றிருந்தேன். நீல நிற ஐ.டி.ஐ. சட்டை போட்ட ஒரு பையன் வந்து, "வணக்கம் சார்" என்றான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை நிறைய முடி. பழைய கொண்டை இல்லை, படிய வாரியிருந்தான். பின்னாலேயே அவன் அப்பா. அவருக்கும் சுருட்டைச் சுருட்டையாக முளைத்திருந்தது. மாதாந்திர முகம் காட்டலுக்கு வந்திருந்தார்கள்.

"படிப்பு எப்படிப் போகுது?" என்றேன்.

"நல்லாப் போய்க்கினு இருக்கு சார். லேத்துல வுட ஆரம்பிச்சிட்டாங்க."

எனக்கு மனசு குளிர்ந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கை சரியானதில் நமக்கும் ஒரு கை உண்டு என்று நினைத்துக்கொண்டேன். அது தடுக்கப் பார்த்த கை என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. மூன்று டீ சொன்னேன். அப்பா டம்ளரை வாங்கிக்கொண்டு, என் தலையை அக்கறையோடு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நைனா, சும்மா இரு" என்றான் பையன் மெதுவாக.

அவர் சும்மா இருக்கவில்லை.

"எங்க ரெண்டு பேருக்கும் மொளைச்சிருச்சு பாருங்க சாமி. நீங்க மட்டும் இன்னும் குடுத்துக்கினே இருக்கீங்களே. உங்க வேண்டுதல் ஏதோ பெருசு போல."